சீலை வலை போட்ட சைக்கிள்

கல் பதித்த முற்றத்தில் அந்தச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது, சங்கிலியை முழுதாக மூடியிருந்த கறுப்புத் தகரப் பெட்டிக்குள்ளிருந்து "கடக் கடக்" என்று ஒரு சத்தம் வரும். பின்னுக்குக் கட்டியிருந்த ஒரேஞ்சுப் பெட்டிக்குள் சில்வர்ச் சட்டிகள் சேர்ந்து கிலுங்கும். மூன்றாம் மாடியில் பள்ளிப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் எனக்கு, அம்மா கொண்டுபோன இடியப்பம் முழுக்க விற்றுவிட்டதா, மிச்சம் இருக்கிறதா என்பது அந்தக் கிலுக்கத்திலேயே தெரிந்துவிடும்.

பிரெஞ்சுத் தலைநகரில், லா சப்பலில், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் என்ற தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது எங்கள் கட்டடம். அம்மா விடியற்காலையில் இடியப்பம் அவித்து, சக்கரப்பையில் இழுத்துக்கொண்டுபோய் ரூ காய்க் கடைகளுக்குக் கொடுப்பார். அப்பா ஒரு உணவகக் குசினியில் வேலை. மத்தியானங்களில் அம்மா முதலாம் மாடியில் தனியாக இருந்த ஒரு வயதான பிரெஞ்சுக்காரியின் வீட்டைத் துப்புரவாக்குவார். நாங்கள் அவரை "மடம்" என்று மட்டுமே சொல்வோம். மடம் தெற்கே ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிற வாரம், அம்மாவையும் என்னையும் நிலவறைக்குக் கூட்டிப்போய், ஒரு பழைய போர்வையை இழுத்து எறிந்து, "எடுத்துக்கொள், இனி எனக்கு எதற்கு" என்றார். போர்வைக்கு அடியில் அந்தச் சைக்கிள் நின்றது.

அது என்ன சைக்கிள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. முன்னாலிருந்த பெயர்த் தகடு தேய்ந்து மொட்டையாகிவிட்டது. உயரமும் கறுப்பும் கனமும் பார்த்தால் "இங்கிலீசுச் சைக்கிள்தான்" என்றார் அப்பா; ஊரில் அப்படி நின்றதெல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்தவைதானாம். ஆனால் கைபிடி நெஞ்சை நோக்கி வளைந்து வந்தது. நடுவில் குறுக்குத் தண்டு இல்லை. இருக்கவேண்டிய பிரேக் பிடிகள் இரண்டையும் காணவில்லை. அம்மா இவை ஒன்றையும் பார்க்கவில்லை. பின்சில்லின் மேற்பாதியை இருபுறமும் மூடி, நூலால் பின்னிய ஒரு வலை இழுத்துக் கட்டியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இஞ்சை பாருங்கோ, சீலைக்கு வலை போட்டிருக்கு. இது எங்கடை ஊர்ச் சைக்கிள். வெள்ளைக்காரியள் ஆர் சீலை கட்டுறவை?"

ஊரில் சில்லுக் கம்பிகளுக்குள் முந்தானை சிக்கி நடுறோட்டில் விழுந்தெழும்பியவர்கள் அந்தத் தெருவில் அம்மா ஒருத்தி மட்டுமல்ல. கொழும்பிலிருந்து கப்பலேறி வந்த சைக்கிள் ஒன்று லா சப்பலில் நிற்கிறதென்று கதை பரவ, பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள். வந்த எல்லோரும் வலையைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

அப்பா பிரேக் இல்லாவிட்டால் காலை ஊன்றி நிற்பாட்டலாம் என்று துணிந்து ஏறினார். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடிப் பழகியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேகம் பிடித்த பிறகு மிதியாமல் விட்டுவிட்டு, பெடலைச் சும்மா பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டே தெருவில் போகிறவர்களோடு கதைப்பார்கள். அப்பாவும் ரூ காயில் அப்படித்தான் சுற்றினார். பின்சில்லு அப்படியே இறுகி நிற்க, ஆள் மரக்கறிப் பெட்டிகளுக்குள் போய் விழுந்தார். அவர் வீடு வந்து சேருவதற்கு முன்பே செய்தி வந்து சேர்ந்துவிட்டது. "உது பிசாசு பிடிச்ச சைக்கிள்" என்று முழங்கையில் மருந்து பூசிக்கொண்டே சொன்னார். அம்மா சிரிப்பை அடக்கச் சட்டியைக் கழுவப் போனார்.

மர்மத்தை உடைத்தது ஒரு லொறிச் சாரதி. கிழமைக்கொருமுறை ஒல்லாந்திலிருந்து முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் ஏற்றிக்கொண்டு ரூ காய்க் கடைக்கு வருகிற செம்பட்டைத் தலை மனிதர் அவர். கடை வாசலில் சைக்கிளைக் கண்டதும், தூரத்துச் சொந்தக்காரரைக் கண்டதுபோல் ஓடிவந்தார். கடைக்கார அண்ணையோடு இங்கிலீசில் பேசினார். அண்ணை எங்களுக்குத் தமிழில் சொன்னார். இது ஒல்லாந்துச் சைக்கிள். அங்கே வீட்டுக்கு வீடு நிற்கும். பிரேக் தொலையவில்லை, பின்சில்லின் நடுவுக்குள் இருக்கிறது. பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும். வலை போட்டது நீளக் கோட்டு சில்லுக்குள் போகாமலிருக்க.

அப்பாவுக்கு விழுந்த வெட்கம் கொஞ்சம் குறைந்தது. "கோட்டை கட்டினவங்கள் சைக்கிளும் கட்டியிருக்கிறாங்கள்" என்றார். யாழ்ப்பாணக் கோட்டையைப் பெரிதாக்கிக் கட்டியவர்களும் ஒல்லாந்தர்தானே. அம்மா தன் தீர்ப்பிலிருந்து இம்மியும் இறங்கவில்லை. "அவைக்குக் கோட்டு, எனக்குச் சீலை. எங்கடை நாட்டை எடுத்து வைச்சிருந்தவை ஒரு சைக்கிளைத் தந்தால் குறைஞ்சே போவினம்?"

அன்றே அம்மா பின்னால் மிதித்து நிற்கப் பழகினார். சக்கரப்பை மூலைக்குப் போயிற்று. ரூ காயோடு நின்ற இடியப்பம் புறநகரான பந்தான் வரை போயிற்று. துடைத்துக் கொடுக்கும் வேலையைத் தேடி அம்மா இனி ஒரு வீட்டு மணியையும் அடிக்கவேண்டியதில்லை என்றாயிற்று. அந்தச் சைக்கிள் போனால் இதெல்லாம் போகும் என்பது வீட்டில் சின்னவளான எனக்கும் தெரியும்.

கோடை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, கோயிலுக்கென்று அம்மா சீலை கட்டி இறங்கியபோது, கீழ்வீட்டுப் பிரெஞ்சுக்காரர், நாங்கள் "முசியே" என்று சொல்பவர், சைக்கிளின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முற்றத்துக்குத் தானே அதிகாரி என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதர். இது நிலவறையிலிருந்து களவுபோன பொருள், இன்றே ஆட்களை அழைத்து அப்புறப்படுத்தப் போகிறேன் என்றார். மடம் தந்தது என்றேன். மடம் அதற்குள் செத்துப்போயிருந்தார். முசியே சிரித்தார். "உங்களுடையதென்றால் சொல்லுங்கள், இது என்ன சைக்கிள்? எங்கிருந்து வந்தது?"

அப்பா வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில் பக்கத்தில் நின்றார். எங்கள் "காட்", அதுதான் இங்கே இருப்பதற்கான அனுமதி அட்டை, புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம் அது. "விடும், எங்களுக்கேன் சோலி? குடுத்திட்டு வாரும்" என்றார். அது அவர் வாயில் எப்போதும் இருந்த வாக்கியம். வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் நான்தான்; எதைச் சொன்னாலும் "பணிவாச் சொல்லு பிள்ளை" என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தவரும் அவர்தான்.

"ஒல்லாந்து" என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளைப் பிடித்தார்.

"சொல்லாதை. இவரிட்டைச் சொல்லு, வந்த நாளிலையிருந்து நீ எங்கையிருந்து வந்தனீ எண்டு கேட்டவைக்கெல்லாம் பதில் சொல்லிப்போட்டன். சைக்கிளுக்கும் சேர்த்துச் சொல்ல என்னாலை ஏலாது. கையை எடுக்கச் சொல்லு."

அன்று நான் ஒரு சொல்லையும் பணிவாக்கவில்லை. அப்படியே பிரெஞ்சில் கொட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

முசியேயின் முகம் சிவந்தது. பிரேக்கே இல்லாத இந்தக் குப்பையை யாரும் ஓட்ட முடியாது என்று கையை உதறி எடுத்தார். அம்மா சைக்கிளைத் தெருக் கதவடிக்கு உருட்டிப்போனார். சீலைக் கொய்யகத்தைச் சரிசெய்துகொண்டு ஏறினார். முற்றத்தின் முழு நீளத்துக்கும் அந்த மனிதரை நோக்கியே மிதித்து வந்தார். "ஐயோ" என்று அப்பா கண்ணை மூடியது தெரியும். முசியே அசைய மறந்து நின்றார். அம்மா பெடலைப் பின்னால் ஒரு மிதி மிதித்தார். முன்சில்லு முசியேயின் சப்பாத்து நுனிக்கு முன்னால் நின்றது. சீலையில் ஒரு நூலும் சிக்கவில்லை.

"இப்ப கேள் பிள்ளை, ஆற்றை சைக்கிள் எண்டு."

யாருடையது என்று கேட்டேன். அவர் விலகிப் போனார். அதன்பிறகு அவர் எங்களுக்கு வணக்கம் சொல்லவில்லை, முன்பும் சொன்னதில்லை. சைக்கிளை யாரும் தொடவில்லை. அப்பா அன்று வேலைக்குப் பிந்திப் போனார். போகும்போது கைபிடியைத் தன் கைக்குட்டையால் ஒருதரம் துடைத்துவிட்டுப் போனார்.

இப்போது முற்றத்துக்கு இலக்கப் பூட்டு. முசியேயின் வீட்டில் சுற்றுலாப் பயணிகள் வந்து தங்குகிறார்கள். முருங்கைக்காய் இறங்கிய கடை இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். அப்பா இல்லை. அம்மா ஓல்னே-சூ-புவா என்ற புறநகரில், முழங்கால் வலியோடும் அதே வாயோடும் இருக்கிறார். சைக்கிள் என்னிடம். வலைதான் உக்கிப் போய்விட்டது.

போன மாதம் கால்வாய்க் கரையில் ஒரு திருத்தக் கடைக்குக் கொண்டுபோனேன். வலை இனித் தேவையில்லை, நீளக் கோட்டு யார் போடுகிறார்கள் என்றான் கடைக்காரப் பையன். சீலைக்கு வேண்டும், போடுங்கள் என்றேன். சிரித்தான். நல்ல பையன்தான். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டான்.

"லா சப்பல்."

"இல்லை, அதற்கு முன்னால்? உண்மையில் எங்கிருந்து?"

அவன் கண்கள் சைக்கிளை விட்டு என் முகத்துக்கு வந்திருந்தன.

"லா சப்பல்" என்று மறுபடியும் சொன்னேன். "வலையைக் கட்டுங்கள்."

கட்டினான்.