கொட்டியாரக் குடாவைச் சுற்றி மூதூருக்குச் சைக்கிளில்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் போக யாரும் சைக்கிளை எடுப்பதில்லை. இறங்குதுறையில் லோஞ்சு என்கிற இயந்திரப் படகில் ஏறினால் குடாவைக் குறுக்கே வெட்டி மதியத்துக்கு முன் போய்விடலாம். தரை வழி கிட்டத்தட்ட நாற்பது மைல். இடையில் ஆறுகள், அவற்றுக்குப் பாலம் இல்லை. அந்தத் தரை வழியாகத்தான் நானும் என் கணவரும் ஓர் ஆவணி விடுமுறையில் புறப்பட்டோம். எனக்குத் தண்ணீரென்றால் பயம்.

சிறு வயதில் இறங்குதுறைச் சுவருக்கும் லோஞ்சுக்கும் இடையில் விழுந்து எழுந்தவள் நான். அதன்பிறகு வள்ளத்தில் கால் வைத்ததில்லை. என் தங்கை ராணி மூதூரில் கலியாணம் முடித்து ஏழு வருடம். தீபாவளி, பொங்கல், வருடப்பிறப்பு என்று ஒவ்வொரு முறையும் அவள்தான் கடலைத் தாண்டி வருவாள். கடைசியாகப் பொங்கலுக்கு வந்து திரும்பும்போது இறங்குதுறையில் நின்று சொன்னாள்: "அக்கா, என்ர வீட்டு வாசல் எந்தப் பக்கம் எண்டுகூட உங்களுக்குத் தெரியாது. இனி நான் வரமாட்டன். வாறதெண்டால் நீங்கள் வாங்கோ." வருடப்பிறப்புக்கு அவள் வரவில்லை. அவளுடைய கதிரை வெறுமையாகக் கிடக்க நாங்கள் சாப்பிட்டோம்.

வழியைக் கண்டுபிடித்தவர் என் கணவர் சிவம். துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞர்.

"லோஞ்சிலதான் போகவேணும் எண்டு சட்டமோ? நீர் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில போறனீர்தானே?" என்றார்.

"பாலையூற்று ரெண்டு மைல். அதோட, ஆறு இருக்கே?"

"ஆறு வரேக்க பாப்பம்."

லிங்கநகரில் எங்கள் படலையைச் சாத்தியபோது கோழி கூவிக்கொண்டிருந்தது. சைக்கிளின் பின்புறத்தில் வாழையிலையில் கட்டிய புட்டும் சம்பலும், ஒரு போத்தல் தண்ணீர், ராணிக்கு ஒரு சீலை. பாலையூற்றில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தைக் கடந்தபோது, வாசலில் இறங்காமல் நேரே மிதித்துப் போவதே எனக்குப் புதினமாக இருந்தது. கண்டி வீதியில் இடது கைப்பக்கம் துறைமுகத் தண்ணீர் ஈயம் போல அசையாமல் கிடந்தது. அது பெற்றோல் விலை ஏறிக் கார்களெல்லாம் கொட்டிலுக்குள் நின்ற காலம். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டும்வரை எதிரே வந்தது ஒரு மாட்டு வண்டி மட்டும்தான். வீதி முழுவதும் எங்களுக்கே. சோடியாக, கதைத்துக்கொண்டு போனோம்.

சீனன்குடாவில் இடப்பக்கம் திரும்பினால் கிண்ணியாத் துறை. அங்கே கடல்வாயைப் 'பாதை'யில் கடக்க வேண்டும். பாதை என்று எங்கள் பக்கத்தில் சொல்வது, மிதவைகள்மேல் பலகை அடித்து, கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து ஆட்கள் இழுக்கும் தெப்பத்தை. அந்தத் துறையின் அகலம் எனக்குத் தெரியும். "நேரே விடுங்கோ," என்றேன். தம்பலகாமத்தைச் சுற்றினால் அந்த ஒரு பாதையையாவது தவிர்க்கலாம்.

தம்பலகாமம் பதினைந்து மைல். சந்திக் கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டுக் கண்டி வீதியை விட்டு இறங்கினோம். பிறகு கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்கால் கரைதான் வழி. இருபுறமும் மருத மரம், அப்பால் அறுப்புக்கு நின்ற வயல். சக்கரத்தின் கீழ் மண் நசியும் சத்தமும் கொக்குகள் எழும்பும் சத்தமும் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. நான் மணியை ஒருதரம் சும்மா அடித்துப் பார்த்தேன். இவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அரை மைல் போயிருக்க மாட்டோம், வயலுக்குள் நின்ற ஒருவர் இரண்டு கையையும் உயர்த்திக் கத்தினார். "நில்லுங்கோ! நில்லுங்கோ! அங்கால தனியன் நிக்குது!"

கரை வளையுமிடத்தில், மருத மரத்தோடு மரமாக, ஒற்றை யானை. காது மட்டும் அசைந்தது. நாங்கள் சைக்கிளை மெல்லத் திருப்பினோம். யானைக்கு முன் நின்றுகொண்டும் நான் பயந்தது கிண்ணியாத் துறையை நினைத்துத்தான். திரும்பிப் போனால் அதுதானே வழி.

"எவ்வளவு நேரம் நிக்கும் ஐயா?" என்று இவர் கேட்டார்.

"அதின்ர இஷ்டம். பின்னேரமும் நிக்கும்." அந்த விவசாயி எங்களை மேலும் கீழும் பார்த்தார். "எங்க போறியள்?"

"மூதூருக்கு. தங்கச்சி வீட்டுக்கு," என்றேன்.

"சைக்கிளிலயோ? ரெண்டு பேருமோ?" கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "சரி, என்ர மிசினுக்குப் பின்னால வாங்கோ."

தன் உழவு இயந்திரத்தை முடுக்கி வயலுக்குள்ளால் விட்டார். கரையை யானைக்குக் கொடுத்துவிட்டு, அறுத்து முடிந்திருந்த ஒரு பகுதியின் நெல்தாள்களுக்கு மேலால் அந்த இரைச்சலுக்குப் பின்னே சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடினோம். யானை தும்பிக்கையை உயர்த்தியது, மோந்து பார்த்தது, எங்களை விட்டுவிட்டது. அடுத்த மதகடியில் அவர் இறங்கி, "தங்கச்சியிட்ட சொல்லுங்கோ, தம்பலகாமத்து யானை சுகம் கேட்டதெண்டு," என்றார்.

சூரங்கல் வழியாகக் கிண்ணியாக் கடைத்தெருவுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்து, மணலைப் பல்லுக்குள் போட்டது. ஆனாலும் மிதிப்பதில் ஒரு கெட்டித்தனம் வந்திருந்தது. மேடு வந்தால் எழுந்து நின்று மிதிக்கப் பழகியிருந்தேன். ஒருதரம் இவரை முந்தியும் போனேன்.

பிறகு உப்பாறு வந்தது.

பாதை எங்கள் கரையில்தான் நின்றது. ஒரு மாட்டு வண்டி, நாலைந்து பேர், தேங்காய் மூட்டைகள். பலகைகளின் இடுக்கில் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. நான் கரையிலேயே நின்றுவிட்டேன்.

"ஏலாட்டித் திரும்புவம்," என்றார் இவர் மெதுவாக. "ஒருத்தரும் ஒண்டும் சொல்லப்போறேல்லை."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ராணி ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஏற்கனவே சொல்லி முடித்துவிட்டாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். பாதை நகர்ந்ததும் காலுக்குக் கீழே எல்லாம் இளகியது போல இருந்தது. கண்ணை மூடினேன், இன்னும் மோசம். திறந்தேன். எனக்கு முன்னால் கம்பி போய்க்கொண்டிருந்தது. மூன்று பேர் அதைப் பிடித்துக் குனிந்து குனிந்து இழுத்தார்கள். கையை எங்காவது வைக்க வேண்டும் என்ற தவிப்பில் நானும் கம்பியைப் பிடித்தேன். பிடித்தவள் இழுத்தேன்.

முன்னால் நின்ற கிண்ணியாக்காரர் திரும்பிப் பார்த்தார். "அடேய், இந்தப் புள்ள இழுக்குது! நீ பாத்துக்கிட்டு நிக்கிறியே!" என்று வண்டிக்காரனைக் கூப்பிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வண்டிக்காரனும் வந்து பிடித்தான். கம்பி கையை அறுத்தது. கரை ஒவ்வொரு இழுப்புக்கும் கிட்ட வந்தது. தண்ணீர் என்னைக் கொண்டுபோகவில்லை; நான்தான் தண்ணீருக்கு மேலால் போய்க்கொண்டிருந்தேன். அக்கரை மண்ணில் பலகை மோதியபோது, இவர் என் சைக்கிளையும் தன்னுடையதையும் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

புட்டை அந்தக் கரையில், ஒரு புளிய மரத்தடியில் சாப்பிட்டோம். அவ்வளவு ருசியான புட்டை நான் அவித்ததே இல்லை.

கங்கைத் துறை உப்பாற்றைவிட அகலம். மகாவலி மலைநாட்டுக் கலங்கலையெல்லாம் கொண்டுவந்து கடலில் கொட்டும் இடம். நடு ஆற்றில் இழுப்பு பலமாக இருந்தது, ஆனாலும் நான் கம்பியை விடவில்லை. மூன்றாவது துறையான இறால்குழியில் பாதை சிறியது. அதற்குள் நான் கேட்காமலே முன் வரிசைக்குப் போய்விட்டேன். இவர் பின்னால் நின்று, "கொஞ்சம் எங்களுக்கும் விடுமன்," என்றார்.

மூதூருக்குள் நுழைந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. எல்லோரும் ஊருக்குள் கடல் பக்கத்தால் வருவார்கள், நாங்கள் பின்பக்கத்தால் வந்தோம். வீட்டை விசாரித்தே பிடித்தோம். வாசல் கிழக்குப் பார்த்தது. ராணி கிணற்றடியில் வாளியோடு நின்றாள்.

"லோஞ்சு அப்பவே வந்திட்டுதே. எதில வந்தனீங்கள்?" என்றாள், அத்தானை மட்டும் பார்த்து.

நான் வேலிக்குப் பின்னாலிருந்து மணியை அடித்தேன்.

வாளி விழுந்தது. "அக்கா!" ஓடி வந்தவள் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் சைக்கிளைத் தொட்டாள், பிறகு புழுதி படிந்த என் முகத்தை, பிறகு கம்பி அறுத்துச் சிவந்த உள்ளங்கையை. "பாதையில வந்தனீங்களோ? நீங்களோ?"

"மூண்டு பாதை. இழுத்துக்கொண்டு வந்தனான்."

அவள் அழுதாள், சிரித்தாள், அயல் வீடுகள் கேட்க, "என்ர அக்கா சைக்கிளில வந்திருக்கிறா! குடாவைச் சுற்றி வந்திருக்கிறா!" என்று கத்தினாள். அன்று மாலை வாசலில் எத்தனை பேர்! ஒரு மனிசி என் சைக்கிள் சீற்றைத் தட்டிப் பார்த்தாள். ராணி குசினிக்கும் வாசலுக்கும் ஓடி ஓடி, அலுமாரியில் பூட்டி வைத்த நல்ல கோப்பைகளை எல்லாருக்கும் எடுத்தாள். இரவு என்னை அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு யன்னலையும் திறந்து காட்டினாள். விட்ட ஏழு வருடத்தையும் அந்த ஒரே இரவில் பார்த்து முடிப்போம் என்பது போல.

நாலு நாள் நின்று, அவள் கட்டித்தந்த தயிர்ச் சட்டியோடு திரும்பினோம். கிண்ணியாச் சந்தியில் இவர் சைக்கிளை நிறுத்தி என்னைப் பார்த்தார். இடப்பக்கம் தம்பலகாமத்து வழி, நேரே துறை.

"நேரே," என்றேன்.

கிண்ணியாப் பாதையில் ஒரு லொறி, ஆடுகள், சந்தைச் சனம். நான் விளிம்பில் நின்றேன். ஒரு பக்கம் உள்குடா, மறுபக்கம் திறந்த கொட்டியாரக் குடா. இத்தனை நாளும் நான் முதுகு காட்டி நின்ற தண்ணீர் இவ்வளவு நீலமென்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. எங்கள் ஊரே அங்கிருந்து வேறு ஊர் போலத் தெரிந்தது.

பக்கத்தில் ஓலைக் கடகப் பெட்டியோடு நின்ற பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேட்டாள்: "எங்கிருந்து வாறீங்க?"

"மூதூரிலிருந்து."

"இதிலயா?" சைக்கிளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பொம்புளைக்கு ஏலுமா அது?"

கரை வந்துவிட்டது. பலகை மண்ணில் மோதியது. சைக்கிளை இறக்கினேன், காலைப் போட்டேன்.

"ஏலும்," என்றேன்.