எலிக்கு வலிக்காத குண்டு

தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் வேலை என்றால் பாத்திரம் கழுவுவதும் படுக்கை விரிப்பதும்தான் என்று நினைத்துத்தான் நானும் வந்தேன். இப்போது என் முன்னால் பூச்சுப் போன டீத் தட்டு ஒன்று கிடக்கிறது. அதில் ஒரு டப்பா ஈயக் குண்டைக் கொட்டி, தட்டைச் சாய்த்துச் சாய்த்து உருட்டிக்கொண்டிருக்கிறேன். நேராக உருளுவது இந்தக் கிண்ணத்துக்கு, கோணலாக ஓடுவது அந்தக் கிண்ணத்துக்கு. கை ஓய்கிறபோது இரண்டு வரி எழுதுகிறேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது, எழுதினால் கொஞ்சம் வரும். அக்கரப்பத்தனைப் பக்கமோ டயகமப் பக்கமோ பங்களாவில் மாரடிக்கிற அக்கா தங்கச்சிமாருக்கு நான் படுகிற பாடு சொல்லாமலே புரியும்.

மூன்று தினுசு

பங்களா சாமான் அறையில் எலி புகுந்துவிட்டது. மாவு, சீனி, துரையின் மனைவி துரைசாணி பூட்டி வைத்த கேக் எதையும் விடவில்லை. பாஷாணம் வைக்கலாம் என்றார் சமையல் அப்பு. பாஷாணம் தின்ற எலி நாள்கணக்கில் துடிக்கும், கூடாது என்றார் துரைசாணி. பொறி வைக்கலாம் என்றார் அப்பு. கால் மாட்டிக்கொண்டு கிடக்குமே, அது அதைவிடப் பாவமாம். கடைசியில் துரையின் காற்றுத் துப்பாக்கிதான் தருமமான வழி என்று முடிவானது. எலி சாகலாம், ஆனால் செத்தது அதற்கே தெரியக் கூடாது.

கொழும்பிலிருந்து மூன்று தினுசுக் குண்டு வந்தது. தலை தட்டையானது, கூரானது, உருண்டையானது. மூன்றுமே உடுக்கை மாதிரி இடுப்புச் சிறுத்தவை. துரைசாணி ஒன்றை விரலில் பிடித்துக்கொண்டு தோட்டத் தமிழில் எனக்குப் பாடம் சொன்னார். “பின்னால் பாவாடை பார். நசுங்கினால் குண்டு கோணல் போகும். கோணல் போனால் எலி சாகாது, வலி மட்டும் வரும். நீ நல்லது பார்த்துப் பொறுக்கு.” எனக்கு எலியைவிடத் துரைசாணியிடம்தான் பயம். தலையை ஆட்டிவிட்டுக் குசினிக்கு வந்தேன். அப்பு கிழங்கு சீவிக்கொண்டே கேட்டார்: “ஏம்மா செல்லம்மா, நமக்குக் குடுக்குற அரிசியில கல்லுப் பொறுக்க ஆள் இல்ல, எலிக்குக் குண்டு பொறுக்க ஆள் போட்டுட்டாங்களா?”

சவுக்காரச் சோதனை

எந்தக் குண்டு உள்ளே போய் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டுமாம். எலியிடம் சோதித்தால் பாவம். அதனால் துரை சலவைச் சவுக்காரக் கட்டிகளை வராந்தாவில் வரிசையாக நிறுத்தி வைத்துச் சுட்டார். கூர்க் குண்டு கட்டியைத் துளைத்துக்கொண்டு ரோசாப் பாத்திக்குப் போய்விட்டது. தட்டைத்தலை உள்ளேயே நின்று பெரிய குழியாகப் பறித்தது. உருண்டைத்தலை இரண்டுக்கும் நடுவில். துரைசாணி ஒவ்வொரு குழியிலும் தீக்குச்சியை விட்டு அளந்து பார்த்து, தட்டைத்தலைதான் இரக்கமுள்ள குண்டு என்று சொன்னார். குண்டுக்கு இரக்கம் உண்டு என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

சுட்ட சவுக்காரத்தை வீணாக்குவானேன் என்று டோபியிடம் கொடுத்தார்கள். அடுத்த வெளுப்பில் திரும்பி வந்த துரையின் வெள்ளைச் சட்டையெல்லாம் புலிக்குட்டி மாதிரி வரி வரியாக இருந்தது. உள்ளே கிடந்த ஈயம் தேய்க்கத் தேய்க்கக் கறுப்பாய் இழுத்திருக்கிறது. துரை போட்ட சத்தத்தில் பூனை போத்தல் அலுமாரிக்கு மேலே ஏறிக்கொண்டது. டோபி கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குசினிக்கு வந்து ஒரு மிடறு தேத்தண்ணி குடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்: “சவுக்காரத்துக்கு வலிக்காமத்தான் தேய்ச்சேன், அதுக்குமேல நான் என்னங்க செய்யிறது?”

துளைத்துக்கொண்டு போனது

சோதனை தட்டைத்தலை என்றது. ஆனால் துரைக்குக் கூர்க் குண்டின் அழகு பிடித்துவிட்டது. ஆம்பிளைகளிடம் அப்படி ஒரு குணம் இருக்கிறதே, உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். சாமான் அறைக் கதவைச் சாத்தி, நான் லாம்பைத் தூக்கிப் பிடித்தேன். துரை குறி பார்த்தார். குண்டு எலியின் முதுகைத் துளைத்து, அந்தப் பக்கம் இருந்த பாகு டின்னையும் துளைத்தது. எலி விழுந்தது, எழுந்தது, கொஞ்சம் யோசித்தது, பிறகு நடந்து போய்விட்டது. பாகு மட்டும் நின்ற இடத்தில் ஒழுகியது.

அந்த எலி எந்த மூலையில் கிடந்து வேதனைப்படுகிறதோ என்று துரைசாணி பகல் சாப்பாட்டைத் தொடவில்லை. தோட்டக்காரனை விட்டுக் கூரைக்கு மேல், பலகைக்குக் கீழ் எல்லாம் தேடச் சொன்னார்கள். அகப்பட்டால் மிச்ச வலியைத் தீர்த்துவைக்கத்தான். அப்பு சாப்பாட்டுத் தட்டைத் திருப்பி எடுத்துவந்து மூடிபோட்டு வைத்தார்: “அந்த எலிக்குப் பிரஜாவுரிமை கெடைச்சிருச்சு போல, இந்த நாட்டுலயே பொறந்த நமக்குத்தான் இன்னும் தாள் வரல்ல.”

பேர் பதியாத எலி

நான் பங்களாவுக்குப் போகும்போது என் மகனைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவேன். கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற தகரக் கொட்டகை. காமாட்சி அக்காதான் அங்கே ஆயா. வரிசையாகச் சேலைத் தொட்டில், சுவர் ஓரத்தில் வரிசையாக எலிப் பொந்து. ஒரு நாள் என் மகனுக்குப் பக்கத்துத் தொட்டிலில் கிடந்த பிள்ளையின் கால் விரலை எலி கடித்துவிட்டது. தொட்டில் தாழ்ந்து தொங்கியதாம். அன்று என் பிள்ளையை நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுக்குத் தூக்கிவந்து விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன். அவனானால் சிரிக்கிறான். நாளைக்கும் அவனை அங்கேதான் விட வேண்டும்.

மறுநாள் விடிந்ததும், வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கே காமாட்சி அக்கா போனார். பொந்தை அடைக்க ஒரு மேசனை அனுப்பச் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் கேட்டார். கணக்கப்பிள்ளை தொப்பியைக்கூடத் திருப்பவில்லை: “எலி என்ன பெரட்டுல பேர் குடுத்துட்டா வந்துச்சு? தானா வந்தது, தானா போகும்.”

சுடுதண்ணீர்

வேறு வழியில்லாமல் நானே வாயைத் திறந்தேன். “பிள்ளையை எலி கடிச்சிருச்சுங்க” என்று துரைசாணியிடம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. நல்ல மனசு அவருக்கு. “பாவம், பாவம்” என்று அயோடின் போத்தலும் கிழிந்த தலையணை உறையும் கொடுத்தார். துப்பாக்கியைக் கீழே பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்புவீர்களா என்று கேட்காமலே இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அயோடின் பிள்ளைக்கு எரிந்தது, எலிக்கு ஒன்றும் செய்யவில்லை. காமாட்சி அக்கா ஒரு வாளி தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்கப் பொந்தில் ஊற்றினார். இரண்டு எலி தோல் உரிந்து வெளியே வந்து விழுந்தன. மற்றவை மறுநாளும் வந்தன, என் மகனுடைய தொட்டில் சேலையில் பல் பட்ட ஓட்டை.

அன்றைக்குத் தொட்டில் நினைப்பில் தட்டை அதிகமாகச் சாய்த்துவிட்டேன், குண்டெல்லாம் தரையில் சிதறிவிட்டது. என்ன என்று துரைசாணி கேட்டார். பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதை ஒரு தடவை சொல்லி அயோடின் வாங்கியாயிற்றே என்று, எலிக்குச் சுடுதண்ணீர் ஊற்றியதைச் சொன்னேன். துரைசாணி கோப்பையைக் கீழே வைத்தார்.

“உயிரோடா ஊற்றினது?”

“ஆமாங்க.”

“தோல்?”

“உரிஞ்சிருச்சுங்க.”

அன்று பின்னேரமே துரை துப்பாக்கியோடு இறங்கி வந்தார். பிள்ளைகளை எல்லாம் நாங்கள் வெளியே தூக்கிக்கொண்டோம். குண்டு தெறிக்காமல் இருக்கச் சுவரோரம் மணல் மூட்டை வைத்தார்கள். தட்டைத்தலைதான், நான் பொறுக்கிக் கொடுத்தது. விழுந்த எலி ஒன்றுகூடத் துடிக்கவில்லை. மிச்ச எலிக்கு யாரும் சுடுதண்ணீர் ஊற்றுகிற அவசியமே வரக் கூடாது என்று துரைசாணி சொல்ல, மறுநாள் காலையில் மேசன் சிமெந்துச் சட்டியோடு வந்து நின்றான். கணக்கப்பிள்ளையே குடை பிடித்துக்கொண்டு பொந்து பொந்தாகக் காட்டினார். அடைத்த சுவருக்குப் பக்கத்தில் என் மகன் தொட்டிலில் கால் வெளியே தெரியத் தூங்கினான், நானும் காலை இழுத்து மூடவில்லை. காமாட்சி அக்கா என் காதோடு சொன்னார்: “புள்ள கால் கடிபட்டப்ப வராத மேசன், எலி தோல் உரிஞ்சதும் வந்துட்டான் பாத்தியா? அடுத்த மழைக்கு நம்ம லயத்துக் கூரை ஒழுகுனா, எலி நனையுதுன்னு போய்ச் சொல்லு.”

இத்தனையும் பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது, பங்களாவில் இரக்கத்துக்குக் குறைவே கிடையாது, அது லயத்துப் பக்கம் திரும்ப வேண்டுமானால் நாம் முதலில் நம்மைப் பற்றிப் பேசாமல் — இதோ, பால் பொங்குகிறது என்று அப்பு கூப்பிடுகிறார், நான் போய்