பதினோரு முறை அழித்த கடிதம்

அனுமதி கேட்டு வரும் எதையும் நான் படித்ததில்லை. ஓகே என்று ஒரு பொத்தான் இருந்தால் அமுக்கிவிடுவேன். இத்தனைக்கும் எனக்குச் சம்பளமே குறை கண்டுபிடிக்கத்தான். செல்போன் பின்மூடியில் தலைமுடி அளவு கீறல் இருந்தாலும் லைனிலிருந்து எடுத்து ஓரம் வைப்பேன். சூப்பர்வைசர் என்னைக் கழுகு என்பார். அந்தக் கழுகு கோட்டை விட்ட கதை இது.

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பின்னால் ஒரு வீட்டின் மாடியில் நானும் என் சிநேகிதியும் ஓர் அறையில் இருந்தோம். இரண்டு பேருமே திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள், ஒரே கம்பெனி, ஆனால் வேறு வேறு ஷிப்ட். நான் காலையில் போய் மதியம் வந்தால் அவள் மதியம் கிளம்பிவிடுவாள். வாரத்துக்கு ஒரு தடவை ஷிப்ட் மாறும், அப்போதும் இடம்தான் மாறிக்கொள்வோம். சேர்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

இருவருமாகச் சேர்ந்து ஸ்ரீபெரும்புதூர்க் கடை ஒன்றில் பழைய லேப்டாப் வாங்கினோம். பேட்டரி செத்துப்போன லேப்டாப். கரண்ட் போனால் கூடவே அதுவும் போய்விடும். அஞ்சல்வழிப் பட்டப்படிப்புக்கு நான் விண்ணப்பம் போட்டபோது, 'உங்களைப் பற்றி எழுதுக' என்ற கட்டத்தில் என் பெருமையையெல்லாம் அரை மணி நேரம் தட்டி முடித்த நொடியில் கரண்ட் போனது. மறுபடி தட்டினேன், மறுபடி போனது. மூன்றாம் தடவை உட்கார்ந்து அழுதேன். என்னைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவுதான் சரக்கு இருந்தது.

அப்புறம் தேடிப் பார்த்ததில், பிரவுசரில் போட்டுக்கொள்ளும்படி ஓர் எக்ஸ்டென்ஷன் கிடைத்தது. நாம் தட்டுவதையெல்லாம் அவ்வப்போது எடுத்து வைத்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தாலும் மூலையிலிருக்கும் பச்சைப் படத்தை அமுக்கினால் திருப்பிக் கொடுக்கும். போடும்போது ஏதோ கேட்டது. 'நீங்கள் பார்க்கும் எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தகவலைப் படிக்கவும் மாற்றவும்' என்று என்னவோ. ஓகே அமுக்கினேன். விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது. அதோடு அதை மறந்தே போனேன்.

அவளுக்கு அப்போது கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தாம்பரத்தில் வேலை. நல்ல மாதிரி என்றுதான் அவளும் சொன்னாள். ஒரே ஒரு சிக்கல், கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். அந்த மாதம்தான் அவளை லைன் லீடர் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். கல்யாணக் கார்டு அடிக்கக் கொடுப்பதற்குள் அவரிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். போனில் பேசினால் நாக்கு ஒட்டிக்கொண்டது. மெசேஜ் அனுப்பலாமென்றால் அவர் போனை வீட்டில் ஆளுக்கு ஆள் எடுப்பார்கள். "மெயில் போட்டுரு" என்று நான்தான் சொன்னேன். "ம்" என்றாள். அதற்குமேல் அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு மதியம் கரண்ட் போய் வந்தது. என் பாடக் குறிப்பைத் திரும்ப எடுக்கப் பச்சைப் படத்தை அமுக்கினேன். என் குறிப்புக்கு மேலே, வரிசையாக, அவள் அவருக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. மொத்தம் பதினொன்று. எதையும் அவள் அனுப்பவில்லை. எழுதி, அழித்து, மெயிலை ஒழுங்காக மூடிவிட்டுத்தான் வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் அழித்ததையெல்லாம் இது எடுத்து வைத்திருந்தது.

மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, படித்தேன். ஒன்று விடாமல் படித்தேன்.

முதல் கடிதத்தில் சண்டையே போட்டிருந்தாள். இரண்டாவதில் மன்னிப்பு. மூன்றாவதுதான் கடிதம். 'எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. என் வேலையும் பிடிச்சிருக்கு. ஐடி கார்டைக் கழற்றி வைக்கச் சொன்னால் வைத்துவிடுவேன். ஆனால் அப்புறம் நீ யாரு என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் சுருங்கிக்கொண்டே வந்தது. பதினோராவதில், 'நலமா? கார்டு அடிக்கக் கொடுத்தாச்சா?' அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது, மூன்றாவதை அனுப்பித் தொலைத்திருக்கலாமே என்று.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் கார்டு அடிக்கப் போகிறார்கள் என்று அவள் சாதாரணமாகச் சொன்னதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐடி கார்டைக் கழட்டிட்டா நீ யாருன்னு ஒனக்கே தெரியாதுல்லா. அத அவர்ட்ட சொல்லித் தொலையேன்ட்டி."

அவள் பிழிந்துகொண்டிருந்த துப்பட்டாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அத நான் அழிச்சிட்டனே" என்றாள். "ஒனக்கு எப்பட்டி தெரியும்?"

பொய் சொல்லத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வாளியைக் கவிழ்த்துவிட்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "கிளம்பு, இத வாங்குன கடைக்கு" என்றாள். பஸ்ஸில் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தாள்.

கடைக்காரர் தலை நரைத்தவர், நிதானமான ஆள். பச்சைப் படத்தை அமுக்கி உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீ எழுதுனது எல்லாம் இந்த டப்பாக்குள்ளதான் கீது, வெளிய போனா மாதிரி தெரியல" என்றார். "ஆனா இதும்மேல நம்பிக்க வெக்காத. நாளைக்கே அப்டேட்டுன்னு ஒண்ண வுட்டு எல்லாத்தையும் அனுப்ப ஆரம்பிச்சா நம்மளால இன்னா பண்ண முடியும்? படிக்கலாம், மாத்தலாம்னு கேட்டுகினுதான வந்துகீது. ஓகே குடுத்தது யாரு?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"வெளியதான் போவலயே, அப்புறம் இன்னாம்மா கவல?" என்று அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"வெளிய போயிருந்தாக்கூடப் பரவால்லண்ணே" என்றாள் அவள். "எவனோ ஒருத்தன் படிச்சிருப்பான். அவனுக்கு என்னையத் தெரியாது. இவளுக்குத் தெரியுமே."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஒன்றும் திருடவில்லை, யாரிடமும் சொல்லவில்லை, நல்லதுக்குத்தான் படித்தேன் என்று வழியெல்லாம் மனதுக்குள் வாதாடிக்கொண்டு வந்திருந்தேன். அத்தனையும் போயிற்று.

கடைக்காரர் எக்ஸ்டென்ஷனை நீக்கப் போனார். "இருங்கண்ணே, வீட்ல போய் எடுத்துக்கிடுதோம்" என்று அவள் தடுத்தாள்.

அறைக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து என்னிடம் தள்ளினாள்.

"மூணாவத எடுத்துக் குடு. நான் எழுதுனது எனக்கே சரியா ஞாபகமில்ல. ஒனக்குத்தான் மனப்பாடமா இருக்கே."

எடுத்துக் கொடுத்தேன்.

"இப்ப அந்தப் பக்கம் திரும்பு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் ரொம்ப நேரம் தட்டினாள். சேர்த்தாளா, குறைத்தாளா, எனக்குத் தெரியாது. தட்டும் சத்தம் நின்றது. பெருமூச்சு ஒன்று கேட்டது. "அனுப்பியாச்சு. எடுத்துத் தொல அந்தச் சனியன" என்றாள். சேமித்தவை எல்லாம் நிரந்தரமாக நீங்கும், சம்மதமா என்று கேட்டது. அந்த ஒரு தடவைதான் நான் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு ஓகே அமுக்கினேன்.

பதில் வந்ததா, என்ன வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. கார்டு வந்தது. என் பெயரைத் தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தாள். ஊரில் கல்யாணம் நடந்தது. லீவு கிடைக்காமல் நான் போகவில்லை. அறையில் அவள் கட்டிலைப் பார்க்கும்போதெல்லாம், கடைசியில் அந்த ஐடி கார்டு என்ன ஆனதோ என்று மனது அடித்துக்கொள்ளும்.

எங்கள் கம்பெனி கேட்டில் உள்ளே போகும்போது செக்யூரிட்டி எல்லார் போன் கேமராவிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவார். வெளியே வரும்போது கிழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். கல்யாணமாகிப் பதினைந்தாம் நாள் காலையில், அந்த வரிசையில் எனக்கு நாலு பேர் முன்னால் அவள் நின்றாள். கழுத்தில் புதுத் தாலி, அதற்கு மேலே பழைய ஐடி கார்டு. நான் கத்திய கத்தலில் செக்யூரிட்டியே திரும்பிப் பார்த்தார்.

அவளை என் ஷிப்ட்டுக்கே மாற்றியிருந்தார்கள், மதியம் முடிந்து ஒன்றாக வெளியே வந்தோம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் வீடு பார்த்திருக்கிறார்களாம். காலையில் அவர் ரயிலுக்கு, இவள் ஷேர் ஆட்டோவுக்கு. நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் கேட்டேவிட்டேன்.

"அவரு பதிலுக்கு என்னட்டி எழுதுனாரு?"

அவள் தன் போனிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாக உரித்தாள். என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, நெற்றியில் அழுத்தி ஒட்டினாள்.

"கேமராவ மூடு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினாள்.

அதை நெற்றியில் வைத்துக்கொண்டேதான் அறை வரைக்கும் நடந்தேன்.