கிரீச்சிட்டால் நிற்கும் கை

தாயில்பட்டி முனியசாமிக்கு இரும்பின் சத்தம் ஆகாது. பயம் இல்லை, பழக்கம். முப்பத்தோரு வருடம் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிய கை அவருடையது. மருந்து அறைக்குள் செருப்பில்லாமல் போக வேண்டும். வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கால் எடுத்து வைக்க வேண்டும். அள்ளுவதற்கு மரக்கரண்டி, சலிப்பதற்குப் பித்தளைச் சல்லடை. எதையும் தட்டக் கூடாது, தேய்க்கக் கூடாது, அழுத்தக் கூடாது. 'கிரீச்' என்று ஒரு சத்தம் கேட்டால் கை அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காத கைகளும் இருந்தன. அந்த ஆட்களின் படங்கள் ஊரில் பல வீடுகளில் மாலையோடு தொங்குகின்றன.

அவர் மனைவி அய்யம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்திருந்தன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் விருதுநகரில் டயாலிசிஸ். நாலு மணி நேரம் கழித்து எழுந்தால் துவைத்துப் பிழிந்த சேலை மாதிரி இருப்பாள். அந்த உடம்போடு சிவகாசியில் பஸ் மாறி நாற்பது கிலோமீட்டருக்கு மேல் வருவது நடக்கிற காரியமில்லை. ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். கூட்டத்தில் யாராவது அந்தக் கையை நெரித்துவிட்டால் அதுவும் போச்சு.

அதற்காகத்தான் அவர் பழைய மாருதி எண்ணூறு ஒன்றை வாங்கினார். மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். ஒன்பதரைக்கு வீட்டுக்கு வந்து குளித்து, பத்துக்கு வண்டியை எடுத்தால் பதினொன்றரைக்கு அய்யம்மாள் கட்டிலில் படுத்திருப்பாள். அந்த வண்டி ஓடும்வரை அவளும் ஓடுவாள் என்று அவர் நினைத்தார். அது மிகையான நினைப்பும் இல்லை.

முதல் தடவை ஒரு மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றக் கொடுத்தார். அவன் பெரிய டிரம்மிலிருந்து ஏதோ ஒரு சில்லறை ஆயிலை அளந்து ஊற்றினான். இரண்டு மாதத்தில் வண்டி புகைவிட்டது. இனி இதை நாமே பார்த்துக்கொள்வது என்று முனியசாமி முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியோடு வந்த பழைய கையேட்டை மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு சிவகாசியில் சிவபாண்டியின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனார்.

"வாங்கண்ணே. பழைய வண்டிதானே? நல்லா கெட்டி ஆயிலா எடுத்துட்டுப் போங்க. எல்லாரும் அதான் ஊத்துறாக."

"எல்லாரும் ஊத்துறத நான் கேக்கல. இந்தப் பொஸ்தகத்துல இருபது டபிள்யூ நாப்பதுன்னு போட்டிருக்கு. அப்படின்னா என்ன?"

சிவபாண்டி சிரித்தான். "இதக் கேட்ட மொத ஆளு நீங்கதாண்ணே. முன்னாடி எண்ணு, குளுந்து கெடக்கையில எம்புட்டு லேசா ஓடுதுங்கிறது. பின்னாடி எண்ணு, சூடேறுனா எம்புட்டுக் கெட்டியா நிக்குதுங்கிறது."

"கெட்டியா இருந்தா நல்லதுதானே?"

"ரொம்பக் கெட்டின்னா காலையில ஸ்டார்ட் பண்ணும்போது மேல ஏற நேரமாகும். அதுக்குள்ள இரும்பும் இரும்பும் ஒரசும்."

உரசும் என்ற சொல் ஒன்றே முனியசாமிக்குப் போதுமானதாக இருந்தது. புத்தகத்தில் இருந்த எண்ணையே கேட்டு வாங்கினார். டப்பாவின் மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். புது பில்டரும் வாங்கினார்.

"பில்டரக் கையால இறுக்கினாப் போதும்ணே. சேம்பர் நட்ட மட்டும் ஸ்பேனர் போட்டு நல்லா இறுக்கிருங்க," என்றான் சிவபாண்டி. இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் கிண்ணம்தான் சேம்பர். அதை அடியில் மூடியிருப்பது அந்த நட்டு. முனியசாமி தலையை ஆட்டினார்.

வீட்டு முன்னால் மரக்கட்டைகளை வைத்து முன்சக்கரங்களை ஏற்றினார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். வாசற்படியில் இருந்த அய்யம்மாளால் சும்மா இருக்க முடியவில்லை.

"கோயிலுக்கா போறீக? செருப்பெல்லாம் கழட்டுறீக."

"பேசாம இரு. வேலையில பேசக் கூடாது."

"நான் பேசுனா ஆயில் வெடிச்சிருமாக்கும்."

நட்டைக் கழற்றியதும் கறுப்பு ஆயில் சட்டியில் இறங்கியது. கடைசிச் சொட்டு வடியும்வரை காத்திருந்தார். புது பில்டரின் ரப்பர் வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, கையால் இறுக்கினார். சேம்பர் நட்டைத் துடைத்துப் போட்டு ஸ்பேனரால் திருகினார். இரண்டு சுற்று, மூன்று சுற்று. நாலாவதில் இரும்பு லேசாகக் கிரீச்சிட்டது.

கை நின்றது. நிறுத்தியது அவரில்லை, முப்பத்தோரு வருடம். ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அசையவில்லை. சரி என்று வெளியே வந்தார்.

கவனக்குறைவான ஆள் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. ஆயிலை ஊற்றி, அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு அளவு பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டு அடியில் பார்த்தார். அன்று முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். மறுநாள் தாள் காய்ந்துதான் கிடந்தது.

செவ்வாயும் வியாழனும் போய்வந்தார்கள். சனிக்கிழமை திருத்தங்கலைத் தாண்டியதும் அய்யம்மாள் முன்பக்கம் கை நீட்டினாள்.

"ஏங்க, இங்கன செவப்பா ஒரு லைட்டு எரியுது. எண்ணெய்ச் செம்பு மாதிரி படம் போட்டிருக்கு."

"எரியட்டும். ஆறு நாளைக்கு முன்னதான் புது ஆயில் ஊத்தியிருக்கேன். வயரு லூசா இருக்கும்."

"நின்னு பாருங்களேன்."

"ஊத்துனது நான். எனக்குத் தெரியாதா? நேரமாச்சு அய்யம்மா."

ஆமத்தூருக்கு முன்னால் வண்டி ஒரு தடவை முனகியது. பிறகு இரும்பு இரும்பைக் கவ்விய சத்தம். அதோடு நின்றுவிட்டது.

வேகாத வெயில். அய்யம்மாளுக்குக் கால் வீங்கியிருந்தது, மூச்சு வாங்கியது. பிரஸ்ஸிலிருந்து அட்டைப்பெட்டி லோடு ஏற்றிப்போன காமராஜ் என்ற டிரைவர்தான் நிறுத்தி இருவரையும் ஏற்றிக்கொண்டான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி. அவள் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். எத்தனை நேரம்தான் காலியாகப் போட்டு வைப்பார்கள்? சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் கிடைத்தது. பாதி நீர் உடம்பிலேயே தங்கிவிட்டது.

மறுநாள் ஆமத்தூர் மெக்கானிக் ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார்.

"நட்டே இல்லையே! ரோட்டுல ஆடி ஆடி உருவி விழுந்திருக்கு. எந்தப் பய மாட்டுனான்? கையில வெளக்கெண்ணெயத் தடவிக்கிட்டு மாட்டுனானா?"

"நான்தாங்க மாட்டுனேன்," என்றார் முனியசாமி.

மெக்கானிக் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் திட்டவில்லை. இன்ஜின் இறுகிவிட்டது, வேறு இன்ஜின்தான் வைக்க வேண்டும் என்றார். அதற்கு வழியில்லை. வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து அதே மரக்கட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அய்யம்மாளிடம் சொன்னார். கிரீச்சென்றதையும், கை நின்றதையும் சொன்னார்.

அவள் நாளுக்கு அளந்து வைத்த தண்ணீரில் ஒரு மிடறு குடித்துவிட்டுப் பேசினாள். "அந்தக் கை அப்படி நின்னதாலதான் இன்னிக்கு நான் தாலியோட இருக்கேன். ஒரு நட்டுக்காக அதத் திட்டச் சொல்றீகளா?"

அவர் தலை நிமிரவில்லை.

"ஆனா, லைட்டு எரியுதுன்னு சொன்னேன்ல? அப்ப நிக்கலையே. அதுக்குத் திட்டுவேன். சாகுற வரைக்கும் திட்டுவேன்."

சொன்னபடியே திட்டினாள். சோறு குழைந்தாலும் அந்த லைட்டு, கதவை மூட மறந்தாலும் அந்த லைட்டு. அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. அதனாலேயே அவரால் தாங்க முடியவில்லை.

பஸ்ஸில் போய் வந்தார்கள். இடது பக்கம் அவர் நின்று அந்தக் கைக்கு அணைகொடுத்தார். ஐப்பசியில் திரும்பி வரும்போது சிவகாசி பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகு வியாழக்கிழமை வேண்டாம் என்றாள். டாக்டர் சத்தம் போட்டார், முனியசாமி கெஞ்சினார். "உங்க யாருக்கும் அந்தப் பஸ்ஸு தெரியாது," என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். வாரத்தில் ஒரு நாள் குறைந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நுரையீரலில் நீர் கோத்தது. மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் மூச்சு நின்றது.

துட்டி கேட்க வந்த கம்பெனி போர்மேன் அன்பரசன், "உங்க கை நிதானம் வேற யாருக்கும் இல்லண்ணே. காரியம் முடிஞ்சதும் வந்திருங்க," என்றான். பதினேழாம் நாள் போனார். செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தார். பிறகு உள்ளே போய் மருந்து கலக்கினார். சாப்பிட வேண்டுமே.

சித்திரையில் மாருதியை எடுத்துப்போகப் பழைய இரும்பு எடுக்கும் ஆள் லாரியோடு வந்தான். "ஒரு நிமிசம் இரு," என்று சொல்லிவிட்டு முனியசாமி வீட்டுக்குள் போனார். பேப்பரில் சுற்றி வைத்திருந்த புது நட்டு ஒன்றையும் ஸ்பேனரையும் எடுத்துவந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார்.

இரும்புக்காரன் குனிந்து பார்த்தான். "யோவ், ஒடைக்கப் போற வண்டிக்கு எதுக்குய்யா நட்டு?"

அடியில் இரும்பு கிரீச்சிட்டது. இன்னொரு தடவை கிரீச்சிட்டது.

"போதும்யா, நட்டுப் புரி தேஞ்சு போயிரும்!"

"இரு, இன்னும் அரைச் சுத்து இருக்கு," என்றார் முனியசாமி.