ஒன்பது வருசமாக வேலை செய்கிறேன்

விமானங்களில் கொடுக்கிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குவதுதான் எங்கள் வேலை. மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஒரு பெரிய குளிர்க் கூடம். நகரத்தின் மறுபக்கம், வெக்ஸ்போர்ட்டில் இருந்து நான் கார் ஓட்டிக்கொண்டு போவேன். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்த வியட்நாம்காரி ஒருத்தியும் அதே ஷிஃப்ட் என்பதால் என்னோடு வருவாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். அவளைப் போல வேகமாகவும் சுத்தமாகவும் தட்டு அடுக்க அங்கே வேறு ஆள் இல்லை.

ஒரு மாசி மாதம், அவளுடைய லைனுக்கு லீட் ஹாண்ட் தேவை என்று அறிவித்தல் ஒட்டினார்கள். லைனில் நிற்கிறவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, முடிவில் மேலாளருக்கு விவரம் சொல்கிற பதவி. இன்ரவியூ ஆங்கிலத்தில். அடுத்த நாள் காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"நீ ஊரிலை இங்கிலிஷ் படிச்சனி எண்டு சொன்னாய். எனக்குச் சொல்லித் தருவியோ?"

எங்களுக்கு இடையில் இருந்தது இரண்டு பேரும் உடைத்து உடைத்துப் பேசிய ஆங்கிலம்தான். அவள் பேசியதை என் மனதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன்.

ஓம் என்றேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மன்னாரில் கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்தவள் நான்.

முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொண்டோம். எவ்வளவு காலமாக இங்கே வேலை என்று நிச்சயம் கேட்பார்கள். "ஐ வேர்க் ஹியர் நைன் இயர் ஆல்ரெடி" என்றாள். பிழை என்றேன். அடுத்த நாள் "ஐ வேர்க்ட்" என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டாய் என்று நினைப்பார்கள் என்றேன்.

"நான் விடேல்லையே. இப்ப அங்கைதானே போறம்." 401 நெடுஞ்சாலையில் எங்களுக்கு முன்னால் நகராமல் நின்ற லொறிகளைக் கையால் காட்டினாள்.

அவளுடைய மொழியில் வினைச்சொல் மாறுவதே இல்லையாம். நேற்றும் 'போ', இன்றும் 'போ', நாளைக்கும் 'போ'. எப்போது என்பதைப் பக்கத்தில் நிற்கிற ஒரு சின்னச் சொல் பார்த்துக்கொள்ளும். அவளுடைய 'ஆல்ரெடி'யும் அப்படி ஒரு சொல்லின் பெயர்ப்புத்தான். போதாததற்கு, ஆங்கிலச் சொற்களின் கடைசி ஒலி அவள் வாயில் கரைந்துபோகும். 'வேர்க்' என்கிறாளா 'வேர்க்ட்' என்கிறாளா என்று ஹீற்றர் சத்தத்தில் எனக்குப் பிடிபடாது.

விதிகளைச் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. கடைசியில் ஒரு வசனத்தை அப்படியே பாடமாக்கச் சொன்னேன்: "ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் நைன் இயர்ஸ்." மூன்று கிழமை போகவர அதைச் சொன்னாள். பிசகாமல் சொன்ன நாளில் நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என் மகளைக் கல்லூரியில் இருந்து ஏற்றிக்கொண்டு வந்தோம். பின் சீற்றில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த வசனம் கேட்டதும் தலையை நிமிர்த்தினாள். என் வியட்நாம்காரத் தோழி இறங்கிப் போனபிறகு, அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டாள்.

"அம்மா, ஹூ டோட் ஹேர் தற்?"

"நான்தான். ஏன்?"

"அது பிழை அம்மா. 'ஐ ஹாவ் வேர்க்ட் ஹியர் ஃபோர் நைன் இயர்ஸ்.' நீங்களும் எப்பவும் அப்பிடித்தான் பிழையாச் சொல்லுறனீங்கள்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டு நினைச்சன்."

வங்கியில், டொக்டரிடம், இந்த மகளின் ஆசிரியைகளிடம் எத்தனை தரம் அந்தப் பிழையைச் சொல்லியிருப்பேன்! ஒருவரும் திருத்தவில்லை. சனி ஞாயிறு முழுக்க அது என்னை அரித்தது. உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோதுதான் விளங்கியது. நான் இத்தனை நாளும் ஆங்கிலத்தில் தமிழைச் சொல்லிக்கொண்டிருந்தேன். 'ஒன்பது வருசமா வேலை செய்யிறன்.' இன்னும் முடிந்துபோகாத காரியம் எங்களுக்கு நிகழ்காலம்தான். 'பாத்திருக்கிறன்', 'போயிருக்கிறன்' என்று ஆங்கிலத்துக்குக் கிட்டிய ஒன்று எங்களிடமும் உண்டு. ஆனால் ஒன்பது வருச வேலைக்கு அதைக் கையில் எடுக்க மாட்டோம்.

திங்கள் காலை அவள் ஏறியதும் சொல்லிவிட்டேன். "நான் உனக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டன்."

இன்ரவியூவுக்கு இன்னும் மூன்று நாள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் என்று நினைத்தேன். இரண்டு சிக்னல் தாண்டியபிறகு, "உன்ரை பாஷையிலை அதை எப்பிடிச் சொல்லுவாய்?" என்று கேட்டாள். ஒவ்வொரு சொல்லாகப் பெயர்த்துச் சொன்னேன்: ஒன்பது வருசம், வேலை, செய்கிறேன்.

"அதைத்தானே நான் முதல்நாள் சொன்னனான்!" குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஆசிரியை இல்லை. மகளிடம் சரியான வசனங்களை எழுதி வாங்கி ரேடியோவுக்கு மேலே ஒட்டினேன். ஒரு தரம் அவள், ஒரு தரம் நான் என்று மாறி மாறிச் சொன்னோம்.

வியாழன் பின்னேரம் இன்ரவியூ முடிந்து காருக்கு வந்தாள். முகம் சரியில்லை.

"ஒன்பது வருசம் சரியாச் சொன்னன். பிறகு, 'ஹாவ் யூ எவர்' எண்டு ஒண்டு கேட்டினம். கூட வேலை செய்யிற ஆக்களோடை எப்பவாவது சண்டை பிடிச்சிருக்கிறியோ எண்டு. 'நொற் யெற்' எண்டன். மூண்டு பேரும் சிரிச்சினம். ஏன்?"

இனிமேல்தான் பிடிக்கப் போகிறேன் என்பது போல இருக்கும், 'நோ' என்று சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவள் ஏற்கவில்லை. அவர்கள் மொழியில் அப்படிக் கேட்டால் 'சுவா' என்றுதான் பதில். இன்னும் இல்லை. அறுபது வயதுக்காரியிடம் கலியாணம் முடித்தாயா என்று கேட்டாலும் 'சுவா'தான்.

"நாளைக்கு நடக்கப் போறது எனக்கு எப்பிடித் தெரியும்? 'இல்லை' எண்டா எல்லாம் முடிஞ்சமாதிரி."

கொஞ்சம் போனபின், "ஹாவ் யூ டோக்ட் ரு யுவர் சிஸ்டர்?" என்று கேட்டாள். 'டோக்ட்' என்பதன் கடைசி ஒலி முதல்முறையாக எனக்குத் தெளிவாகக் கேட்டது.

என் அக்கா எங்களுக்குக் கிட்டத்தான், ரூஜில் இருக்கிறார். அம்மாவின் செத்தவீட்டுப் பூசையை எந்தக் கோயிலில் வைப்பது என்பதில் தொடங்கிய வாக்குவாதம். நாலு வருடமாகப் பேச்சில்லை. தோழிக்கு அது தெரியும்.

"நோ" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். "நொற் யெற்" என்று மாற்றிச் சொன்னேன். சொல்லும்போது முகம் சுட்டது.

இரண்டு கிழமை கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவருடைய முழங்கால் வலியைப் பற்றியும் என் காரின் பனி ரயர்களைப் பற்றியும் கதைத்தோம். செத்தவீட்டுக் கதையை இரண்டு பேரும் தொடவில்லை. அடுத்த கிழமை அவரே எடுத்தார்.

பதவி தோழிக்குக் கிடைக்கவில்லை. வேறு லைனில் இருந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். நான் வீணாக்கிய அந்த மூன்று கிழமையைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறக்கவில்லை. எனக்குத்தான் மனம் ஆறவில்லை. பதவி கிடைத்த ஆள் கோடை முடியமுன் வேறு வேலை தேடிப் போய்விட்டார். இன்ரவியூ ஒன்றும் வைக்காமல், மேலாளர் நேராக லைனுக்கு வந்து அந்தப் பதவியை எடுக்கிறாயா என்று அவளைக் கேட்டார்.

இப்போது அவள் விடியற்கால ஷிஃப்டின் லீட் ஹாண்ட். கணவர் கொண்டுபோய் விடுகிறார். நான் தனியாக ஓட்டுகிறேன். ஷிஃப்ட் மாறுகிற பத்து நிமிடத்தில் லொக்கர் அறையில் சந்திப்போம். லைனில் அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்று கையுறையைக் கழற்றிக்கொண்டே சொல்வாள். நான் என்னுடையதைப் போட்டுக்கொண்டே கேட்பேன்.