அப்பா போட்ட துண்டு

சிங்கப்பூர் உணவுக்கூடத்தில், மகள் சொன்னபடி டிஷ்யூ பாக்கெட்டை வைத்து ஒரு மேசையைப் பிடித்துவிட்டு வரிசையில் நின்றேன். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோரும் அதை மதித்து விலகிப் போனார்கள். வில்லியனூர் பஸ் ஸ்டாப் நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்கு அப்போது நிறைமாதம். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போக, அப்பா பஸ் ஜன்னல் வழியாகத் தன் பச்சைக்கரைத் துண்டைப் போட்டார். நாங்கள் கூட்டத்தில் ஏறுவதற்குள் ஒருவர் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“யோவ், துண்டு போட்டுகிறது தெர்ல?” என்றார் அப்பா.

“துண்டு போட்டா? பஸ்ஸு இன்னா உங்கப்பன் வூட்டுதா?”

பின்னால் வந்த அம்மாவைக் கண்டதும் அவர் எழுந்தார். துண்டை உதறி விரித்து, “குந்தும்மா” என்றார். புதுச்சேரி வரை நின்றே வந்தார்.

இங்கே, தட்டை ஏந்தியபடி ஒரு சீன மூதாட்டி இடம் தேடிக்கொண்டிருந்தார். மேசைக்குப் போய் டிஷ்யூவை எடுத்துக்கொண்டு, நாற்காலியைக் காட்டினேன்.

“குந்துங்கம்மா.”

உட்கார்ந்தார்.