ஆறு ஐந்துக்கு ஓடத் தொடங்குவோம்

என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறந்த ஜேர்மன் கடிதம் ஒரு மன்னிப்புக் கடிதம். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் அல்ல. கேட்க வேண்டியவர் என்று தீர்மானிக்கப்பட்டவர் கடைசிவரை கேட்கவும் இல்லை. ஆகவே அந்தக் கடிதம் இன்று என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. முன்பக்கத்தில் என் எழுத்து, பின்பக்கத்தில் அவருடைய எழுத்து. பின்பக்கத்தைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

டுசல்டோர்ஃபில் இருக்கும் தமிழ்ச் சனத்தில் பாதிப்பேருக்கு அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவன் நான். பணிவாகக் கேட்பது எப்படி, தாமதத்துக்கு வருந்துவது எப்படி, மேன்மைதங்கிய அலுவலகத்தின் பொறுமைக்கு நன்றி சொல்வது எப்படி என்பதெல்லாம் எனக்கு ஜேர்மனில் தண்ணீர் பட்ட பாடு. முடியாது என்று சொல்வது எப்படி என்பது மட்டும் எந்த மொழியிலும் தெரியாது. இப்படிப்பட்ட ஒருவனைச் சங்கங்களும் கழகங்களும் தேடிப் பிடித்துச் செயலாளர் ஆக்கிவிடும். எங்கள் விளையாட்டுக் கழகமும் அப்படித்தான் செய்தது. நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் உதைபந்தாட்ட அணியின் மூன்றாவது பந்துக்காப்பாளர் பதவியையும் சேர்த்துத் தந்தார்கள். பகலில் நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவன். ஊரின் கண்ணையெல்லாம் சோதிக்கும் எனக்குப் பந்து வருவது மட்டும் தெரிவதில்லை.

எங்கள் பயிற்றுநர் ஒரு ருமேனியர். அவரை நாங்கள் தேடிப் போகவில்லை. வியாழக்கிழமை மாலைகளில் நாங்கள் பழகும் மைதானம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சொந்தமானது. அந்தப் பள்ளியின் ஹவுஸ்மைஸ்டர் அவர். கதவு, குழாய், விளக்கு, மைதானம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. நாங்கள் விளையாடி முடிக்கும்வரை வேலிக்கு வெளியே நின்று காத்திருந்து படலையைப் பூட்டுவார். சில வாரங்கள் அப்படி நின்று பார்த்தார். ஒருநாள் உள்ளே வந்து, தன்னால் இனிமேலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று என்னிடம் முறையிட்டார். பூட்டப் பிந்துகிறது என்கிறார் என்று நினைத்து நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னது எங்கள் ஆட்டத்தை.

ஒருகாலத்தில் அவர் முன்கள வீரர். டானூப் ஆற்றங்கரைச் சிறுநகரம் ஒன்றில் தொழிற்சாலை அணிக்கு ஆடி, அங்கிருந்து இரண்டாம் பிரிவு, பிறகு ஒரேயொரு பருவம் முதலாம் பிரிவு என்று ஏறியவர். அந்தப் பருவத்தில் ஒரு பெரிய அணிக்கு எதிராக ஒரு கோல் போட்டார். மறுநாள் பத்திரிகை அந்தக் கோலை எதிரணித் தடுப்பாளரின் கணக்கில் எழுதிவிட்டது. அதன்பின் ஜேர்மனிக்கு வந்து நாலாம் பிரிவு, ஐந்தாம் பிரிவு, மாவட்டப் பிரிவு. “ஒவ்வொரு வருசமும் ஒரு படி இறங்கினேன். கடைசிப் படியில் நீங்கள் நின்றீர்கள்” என்று எங்களிடம் ஒருமுறை சொன்னார். பயிற்றுநராக அவரை மூன்று கழகங்கள் நீக்கியிருந்தன. ஒன்று தோற்றதற்கு. இன்னொன்று, கழகத் தலைவரின் மருமகனை வெளியே இருத்திவிட்டு வென்றதற்கு. மூன்றாவதைப் பற்றிக் கேட்டபோது, அவர்களும் காரணம் சொல்லவில்லை, தானும் கேட்கவில்லை என்றார்.

எங்களிடம் வந்த பிறகு அவர் தந்திரம், உத்தி என்று எதையும் சொல்லித் தரவில்லை. ஆறரைக்குப் பந்து, ஆறு ஐந்துக்கு ஓடத் தொடங்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம் உடம்பைச் சூடாக்கினால்தான் பந்தையே கண்ணில் காட்டுவார். நாற்பது வயதுக்கு மேல் எங்களுடைய தசைகள் பழைய செருப்பு வார் மாதிரி, இழுத்தால் அறும் என்று நினைத்தார் போலும். அதுவரை எங்கள் பழக்கம் வேறு. வான் வண்டியிலிருந்து இறங்கி, மட்டன் ரோல்ஸ் ஒன்றைக் கடித்து, இடுப்பில் கைவைத்து நாட்டு நடப்பை அலசி, பந்து வந்தால் உதைத்து, தொடையைப் பிடித்துக்கொண்டு விழுவது. ஒவ்வொரு கோடைகாலச் சுற்றுப்போட்டியிலும் எங்கள் அணியில் மூன்று பேராவது நொண்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவார்கள்.

எங்கள் சுற்றுப்போட்டி எப்படித் தொடங்கும் என்பதை வந்து பார்த்தவர்கள் அறிவார்கள். கொடியேற்றம், மாண்டவர்களுக்கு அகவணக்கம், காற்றோடு மல்லுக்கட்டி மங்கள விளக்கு. அதன்பின் அணிகளை மைதானத்தின் நடுவில் வரிசையாக நிறுத்தி வைத்துப் பிரதம விருந்தினர் உரை. பொன்னாடை. பிறகு அவர் வரிசையில் நடந்துவந்து ஒவ்வொருவருடைய கையையும் குலுக்குவார். உரைக்குப் பத்து நிமிடம் என்று நிகழ்ச்சிநிரலில் போட்டிருக்கும். அதை அச்சடித்தவன் நான். நானே நம்பியதில்லை.

அந்த வருடம் பிரதம விருந்தினர் சுவிஸிலிருந்து வந்திருந்தார். எங்கள் பயிற்றுநர் அகவணக்கத்துக்குத் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு எங்களைவிட நேராக நின்றார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. விளக்கேற்றும்போதும் நின்றார். உரை தொடங்கிக் கால்மணி நேரம் வரை நின்றார். மழை தூறத் தொடங்கியது. எங்கள் அணிக்கு முதலாவது போட்டி. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தொப்பியைப் போட்டார், பொடியன்களைப் பார்த்து விரலால் ஒரு வட்டம் காட்டினார். பொடியன்கள் என்று நான் சொல்வது ஐம்பதை எட்டுகிறவர்களை. அத்தனை பேரும் வரிசையை விட்டு, வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால் ஓடிப் போனார்கள்.

நான் போகவில்லை. செயலாளர் அல்லவா? எங்கள் அணி நின்ற இடத்தில் நான் மட்டும் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றேன். பிரதம விருந்தினர் நடந்துவந்து என் கையைக் குலுக்கினார். அடுத்த கைக்காகக் கையை நீட்டினார். அங்கே கை இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் என் கையையே திரும்பவும் பிடித்துக் குலுக்கினார். இரண்டாவது முறை “வாழ்த்துகள்” என்றும் சொன்னார்.

அன்று நாங்கள் காலிறுதியில் தோற்றோம். ஆனால் எங்களில் ஒருவரும் தொடையைப் பிடித்துக்கொண்டு விழவில்லை. இதை நான் எங்கள் கழகத் தலைவரிடம் சொல்லிப் பார்த்தேன். தலைவர் கெட்ட மனிதர் அல்ல. கோல் வலைகளையும் கொடிக் கம்பங்களையும் இருபது வருடமாகத் தன் சொந்த வானில் ஏற்றி இறக்குபவர். அவருக்கு வலித்தது வேறு இடத்தில்.

“தம்பி, நீர் நல்ல ஜேர்மனில ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதும். அந்தாள் கையெழுத்து வைச்சா விசயம் முடிஞ்சுது. வைக்காட்டி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தோட ஆள் எங்களுக்கு வேண்டாம்.”

எழுதினேன். சனிக்கிழமை முழுவதும் செதுக்கினேன். ‘என் செயலால் ஏற்பட்ட மனக்கசப்பை முழுமையாக உணர்கிறேன்’ என்றொரு வரி வந்து விழுந்தபோது, என்னுடைய ஜேர்மன் ஆசிரியை உயிரோடு இருந்தால் அழுதிருப்பார் என்று பட்டது. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்தாளில என்ன பிழை? எல்லாரும் ஓடேக்க நீங்கள் ஏன் நிண்டனீங்கள்?”

நான் செயலாளர் என்றேன்.

“செயலாளருக்குக் கால் இல்லையோ?”

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிறு காலை அவரிடம் போனேன். பள்ளிக்கூடத்தின் பக்கத்திலேயே அவருடைய வீடு. கீழே பட்டறை மாதிரி ஓர் அறையில் உடைந்த கதிரைக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டு (நான் சோதித்துக் கொடுத்த கண்ணாடி) இரண்டு முறை வாசித்தார்.

“நல்ல கடிதம்” என்றார். “இதில் வருத்தப்படுகிற இந்த மனிதன் யார்?”

நீங்கள்தான் என்றேன். அவர் கதிரையின் காலை அழுத்திப் பிடித்தபடி ஒரு கதை சொன்னார். பெரிதாக இழுக்கவில்லை. முதலாம் பிரிவில் ஆடிய அந்த ஒரே பருவத்தில், ஒரு பெரிய மனிதர் போட்டி பார்க்க வருகிறார் என்று அணியை அரைக்காற்சட்டையுடன் ஈரப்பனியில் வரிசையாக நிறுத்தினார்களாம். வந்தவர் பிந்தி வந்தார். கைகுலுக்கி முடிந்ததும் நேரே ஆட்டம். முதல் ஓட்டத்திலேயே இவருடைய பின்தொடைத் தசை கிழிந்தது. மறுநாள் கழகத்தார் ஒரு தாள் கொண்டுவந்தார்கள். ‘பழைய காயத்தை நான் மறைத்துவிட்டேன்’ என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தால் குணமானதும் அணியில் இடம் என்றார்கள். வைத்தார். இடம் தரவில்லை.

“அந்தத் தாள் இன்றும் எங்கேயோ இருக்கிறது. அதில் ஒரு பொய்யன் இருக்கிறான். அவனுக்கு என் கையெழுத்து.”

அன்று கால் கிழியாமல் இருந்திருந்தால் பெரிய வீரராக வந்திருப்பீர்களா என்று கேட்டேன். ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துத்தான் கேட்டேன்.

“இல்லை. நான் வேகம் இல்லாதவன். ஆனால் அதை நானே கண்டுபிடித்திருப்பேன்.”

நான் பேனையை நீட்டியபடி நின்றேன். வாங்கினார். கடிதத்தைத் திருப்பிப் போட்டார். வெறும் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: வியாழக்கிழமை. பந்து ஆறரைக்கு. ஆறு ஐந்துக்கு ஓடத் தொடங்குவோம். அதன் கீழே தன் கையெழுத்தை, ஒரு கோடும் நடுங்காமல், வைத்தார். “இதைக் கொடு” என்றார்.

கூட்டம் அன்று பின்னேரம் தலைவர் வீட்டு நிலக்கீழ் அறையில். ஏழு பேர், பிளேன்டீ, தட்டு நிறைய ரோல்ஸ். தலைவர் முன்பக்கத்தை வாசித்துவிட்டு, அருமையாக எழுதியிருக்கிறீர் என்று என்னைப் பாராட்டினார். கையெழுத்தைத் தேடினார். திருப்பினார்.

“இதென்ன?”

“வியாழக்கிழமைப் பயிற்சி நேரம், அண்ணை.”

பொருளாளர் சிரித்தார், உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டார். பிறகு வாக்கெடுப்பு. நீக்க வேண்டும் என்று நாலு கை, வேண்டாம் என்று இரண்டு கை. ஏழாவது கை என்னுடையது. அது கூட்டறிக்கை எழுதிக்கொண்டிருந்தது. என் பிழைப்பு முழுவதும் அந்தக் கை இப்படியே ஏதாவது எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

“சரி. நீக்கல் கடிதத்தை நீரே எழுதிக் கொடும்.”

“ஏலாது, அண்ணை.”

குரல் யாருடையது என்று நானே ஒருகணம் திரும்பிப் பார்த்தேன். தலைவர் எனக்கு வேலை அதிகம் என்று நினைத்துவிட்டார்.

“இண்டைக்கு ஏலாட்டி நாளைக்கு எழுதும்.”

“நாளைக்கும் ஏலாது.”

அந்தாள் செய்தது சரி, பிழை நின்றவனில்தான் என்று சொன்னேன். நின்றவன் யார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தலைவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப உமக்கும் எங்களுக்கும் சரிவராது.”

“ஓம், அண்ணை.”

கழகத்தின் ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வீரமாக எழும்பி வந்தேன் என்று எழுத ஆசைதான். கடிதத்தை மறந்து வைத்துவிட்டு, படியிலிருந்து திரும்பிப் போய் “மன்னிக்க வேணும்” என்று சொல்லி எடுத்துக்கொண்டு வந்தேன்.

வியாழக்கிழமை படலை அகலத் திறந்திருந்தது. எட்டுப் பேர் வந்திருந்தார்கள், பொருளாளரும் ஒருவர். நான் பயிற்றுநரிடம் போய், குழு உங்களை நீக்கிவிட்டது, நாலுக்கு இரண்டு என்று சொன்னேன்.

“கடிதம் எங்கே?”

கடிதம் இல்லை, யாரும் எழுதவில்லை என்றேன்.

“அப்படியானால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஓடு.”

கடிதம் இன்னும் வரவில்லை. புதிய செயலாளர் வரைவு தயாரிப்பதாகக் கேள்வி. பயிற்றுநர் பதவி வெற்றிடமாக இருக்கிறது என்று கூட்டறிக்கைகளில் வருகிறதாம். அந்த வெற்றிடம் வியாழன்தோறும் ஆறு ஐந்துக்கு வந்து, முழங்காலை உயர்த்தச் சொல்லி எங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் வாரம் பதினாலு பேர் ஆனோம்.

போன கோடையில் மறுபடியும் சுற்றுப்போட்டி. வேறு பிரதம விருந்தினர், அதே ஒலிபெருக்கி. பயிற்றுநர் அகவணக்கத்துக்குத் தொப்பியைக் கழற்றினார், விளக்குக்கு நின்றார். உரைக்கு விருந்தினர் தொண்டையைச் செருமியதும் தொப்பியைப் போட்டு விரலால் வட்டம் காட்டினார். பொடியன்கள் கிளம்பினார்கள். தலைவர் கையில் பொன்னாடையோடு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். நீராவது நில்லும் என்று கேட்பது போல இருந்தது. இருபது வருடம் வலை சுமந்த மனிதர்.

நான் ஓடினேன்.

வாகனத் தரிப்பிடத்துக்குப் பின்னால், போத்தல் போடும் பெரிய தொட்டிகளின் பக்கத்தில் வட்டமாக ஓடினோம். விளையாட்டு வீரனுக்குக் கட்டுப்பாடுதான் முக்கியம் என்று ஒலிபெருக்கி அங்கேயும் கேட்டது. கட்டுப்பாட்டோடு இருபத்தைந்து நிமிடம் ஓடி முடித்தோம். உரை முடியவில்லை.

போட்டி தொடங்கியபோது எனக்கு நன்றாக வேர்த்திருந்தது. உடம்பில் ஒரு தசை பாக்கியில்லாமல் சூடாக இருந்தது. மூன்றாவது பந்துக்காப்பாளர் என்ற முறையில், கடைசி விசில் வரை கதிரையில்தான் இருந்தேன்.